வாடகை வீடு, வாடகைதாரர், வரவு செலவு: முதலீட்டாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முதலீடாக ஒன்றிரண்டு வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருப்பவர்களும் விட நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அதனால் சட்டம் பற்றிப் பேச வேண்டிய இடங்களில் சில நாடுகளின் விதிகளை எடுத்துக்காட்டாக மட்டும் தந்திருக்கிறேன். உங்கள் ஊர் விதியை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கணக்கு எங்கும் ஒன்றே என்பதால், பணத்தொகைக்குப் பதிலாக மாத வாடகையையே அளவுகோலாக வைத்திருக்கிறேன்.

மாத வாடகையை 12ஆல் பெருக்கினால் ஆண்டு வருமானம் வந்துவிடுமே, அதற்கு மேல் என்ன கணக்கு?

அது வீடு விற்பவர் காட்டும் கணக்கு. வாங்குபவர் போட வேண்டிய கணக்கு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஒரு வீட்டின் விலை 240 மாத வாடகைக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். 12 மாத வாடகையை 240ஆல் வகுத்தால் 5 சதவீதம் வருகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். இப்போது கழிக்கத் தொடங்குங்கள். பராமரிப்புக்கு ஆண்டுதோறும் வீட்டு மதிப்பில் 1 சதவீதம் ஒதுக்குவது பரவலாகச் சொல்லப்படும் தோராய விதி, அது 2.4 மாத வாடகை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் ஆண்டுக்கு அரை மாதம். சொத்து வரி, காப்பீடு, குடியிருப்புச் சங்கத்துக்குக் கட்டும் பணம் எல்லாம் சேர்ந்து 1.1 மாதம் என்று கொள்ளுங்கள். மிச்சம் 8 மாத வாடகை. 240ஆல் வகுத்தால் 3.3 சதவீதம்.

5 என்று நம்பி வாங்கியது 3.3 ஆகிவிட்டது. இன்னும் கடன் வட்டி, வருமான வரி பற்றிப் பேசவே இல்லை.

1 சதவீதம் என்பது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. புது அடுக்குமாடி வீட்டில் அவ்வளவு ஆகாது. முப்பது வருடம் பழைய தனிவீட்டில், மொட்டைமாடித் தளம் ஒழுகத் தொடங்கினால், ஒரே ஆண்டில் நான்கைந்து ஆண்டுக்கான ஒதுக்கீட்டையும் விழுங்கிவிடும். செலவில்லாத ஆண்டுகளில் மிஞ்சும் பணத்தை லாபம் என்று எடுத்துச் செலவழித்துவிடாதீர்கள். தனிக் கணக்கில் போட்டு வையுங்கள்.

கடன் வாங்கி வாங்கினால் தவணையை வாடகையே கட்டிவிடும் என்கிறார்களே?

எந்த வாடகை என்று கேளுங்கள். செலவு போக மிஞ்சும் வாடகையா, முழு வாடகையா? வணிகச் சொத்துக்குக் கடன் தரும் வங்கிகள் பல இடங்களில் நிகர வருமானம் தவணையைப் போல 1.25 மடங்கு இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. அதே அளவை உங்கள் வீட்டுக்கும் வைத்துப் பாருங்கள். மேலே பார்த்த வீட்டில் நிகரமாக 8 மாத வாடகை கிடைக்கிறது. 8ஐ 1.25ஆல் வகுத்தால் 6.4. ஆண்டு முழுவதற்குமான தவணை அதற்குள் அடங்கினால் மூச்சு விடலாம். அடங்கவில்லையென்றால் ஒவ்வொரு மாதமும் உங்கள் சம்பளத்திலிருந்து அந்த வீட்டுக்குப் பணம் போகும். தெரிந்தே அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். நிலத்தின் விலை ஏறும் என்பது அவர்கள் கணிப்பு. ஆனால் அதற்குப் பெயர் வாடகை வருமானம் இல்லை.

வாடகையை எவ்வளவு என்று வைப்பது?

விளம்பரங்களில் போட்டிருக்கும் தொகை, உரிமையாளர்கள் கேட்கும் தொகைதான். வாடகைதாரர்கள் உண்மையில் கொடுப்பது வேறு. அதே கட்டடத்தில் அல்லது அதே தெருவில் அண்மையில் குடிவந்த இரண்டு மூன்று பேர் என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அதுதான் சந்தை விலை.

பிறகு இந்தக் கணக்கைப் போடுங்கள். சந்தை விலையைவிட 5 சதவீதம் கூடுதலாகக் கேட்டால் ஆண்டுக்குக் கிடைக்கும் கூடுதல் தொகை 0.6 மாத வாடகை. அந்த 5 சதவீதத்துக்காக வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் நஷ்டம் 1 மாத வாடகை, அதாவது ஆண்டு வருமானத்தில் 8.3 சதவீதம். முதல் ஆண்டின் கூடுதல் தொகை முழுவதும் பிடிவாதத்துக்கே போய்விடுகிறது. விளம்பரம் கொடுத்து இரண்டு வாரம் ஆகியும் யாரும் கூப்பிடவில்லையென்றால் பிரச்சினை தொகையில். நிறையப் பேர் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள் என்றால் பிரச்சினை வீட்டில். குளியலறை நாற்றம், இருட்டான நடை, உரிந்து தொங்கும் சுண்ணாம்பு ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

குடிவருபவரைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

வருமானம், பழைய வீட்டில் நடந்துகொண்ட விதம், எவ்வளவு காலம் இருக்க நினைக்கிறார். இந்த மூன்றும் போதும்.

வாடகை வருமானத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்பதுண்டு. அமெரிக்காவில் அரசுக் குடியிருப்புகளில் வாடகைக்கு 1969இல் வருமானத்தில் 25 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். 1981இல் அதை 30 ஆக்கினார்கள். அந்த எண்தான் உலகம் முழுவதும் சுற்றி வருகிறது. கல்வெட்டு மாதிரி அதைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. கடன் எதுவும் இல்லாதவர் 38 சதவீதம் கொடுத்தும் ஒழுங்காகக் கட்டுவார். வண்டிக் கடன், தனிநபர் கடன் என்று மூன்று தவணை ஓடுபவருக்கு 25 சதவீதமே பாரம்.

பழைய வீட்டைப் பற்றி விசாரிக்கும்போது ஒரு நுட்பம். இப்போது குடியிருக்கும் வீட்டின் உரிமையாளரிடம் மட்டும் கேட்காதீர்கள். தொல்லை கொடுக்கும் வாடகைதாரரை அனுப்பிவிட வேண்டும் என்ற அவசரத்தில் அவரே வாய் நிறையப் புகழ்வார். அதற்கு முந்தைய வீட்டின் உரிமையாளருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. "மறுபடியும் இவருக்கே வீடு விடுவீர்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதிலைவிட, பதில் வருவதற்கு முன் அவர் யோசிக்கும் நேரத்தைக் கவனியுங்கள்.

யாருக்கு விடுவது, யாருக்கு விடக்கூடாது என்பது என் விருப்பம்தானே?

முழுக்க உங்கள் விருப்பம் இல்லை. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டு வீட்டுவசதி நியாயச் சட்டம் இனம், நிறம், மதம், பிறந்த நாடு பார்த்து வீடு மறுப்பதைத் தடை செய்தது. பால் வேறுபாடு 1974இலும், உடற்குறையும் குழந்தைகள் உள்ள குடும்பம் என்பதும் 1988இலும் அதில் சேர்ந்தன. பிரிட்டனில் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் இருக்கிறது. சட்டம் தளர்வாக உள்ள இடங்களிலும் இது வியாபாரத்துக்கு ஆகாத பழக்கம். வாடகையை ஒழுங்காகக் கட்டக்கூடிய பத்துப் பேரில் ஆறு பேரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, வீடு காலியாகக் கிடக்கிறதே என்று வருந்துவதில் என்ன இருக்கிறது? எல்லோரிடமும் ஒரே கேள்விகள், ஒரே ஆவணங்கள் கேளுங்கள். பின்னால் யாரும் உங்களைக் குறை சொல்ல இடம் இருக்காது.

உறவினருக்கோ நண்பருக்கோ விடலாமா?

வாடகை வராவிட்டால் அவரிடம் வாய் திறந்து கேட்க முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முடியும் என்றால் விடலாம். ஒப்பந்தம், ரசீது, முன்பணம் எல்லாம் அந்நியருக்கு எப்படியோ அப்படியே.

ஒப்பந்தத்தில் எதையெல்லாம் எழுத வேண்டும்?

வாடகை, முன்பணம், காலம் ஆகியவற்றை எல்லோரும் எழுதுகிறார்கள். சண்டை அவற்றில் வருவது குறைவு. எழுதாமல் விட்டவற்றில்தான் வருகிறது.

முதலாவது, சில்லறைப் பழுது. குழாயின் வாஷர் தேய்ந்தால் யார் மாற்றுவது? மின்விசிறி நின்றுபோனால்? "சிறிய பழுதுகள் வாடகைதாரர் பொறுப்பு" என்று எழுதினால் சிறியது எது என்று அடுத்த தகராறு வரும். மாத வாடகையில் இத்தனை சதவீதம் வரை ஆகும் செலவு அவருடையது, அதற்கு மேல் உரிமையாளருடையது என்று ஒரு கோடு போடுங்கள். சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய், மின்கம்பி, கூரை, சுவர் ஆகியவை தொகை எவ்வளவானாலும் உங்களுடையவை.

இரண்டாவது, காலி செய்ய முன்கூட்டிச் சொல்ல வேண்டிய காலம். இரு தரப்புக்கும் ஒரே அளவாக வையுங்கள். உங்களுக்கு ஒரு மாதம், அவருக்கு மூன்று மாதம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நீதிமன்றம் வரை போகாவிட்டாலும், முதல் நாளிலேயே அவர் மனதில் அது பதிந்துவிடும்.

மூன்றாவது, வாடகை உயர்வு எந்தத் தேதியில், எந்த விகிதத்தில். நான்காவது, வீட்டில் குடியிருக்கும் வயதுவந்த எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று நண்பர்கள் சேர்ந்து எடுக்கும் வீட்டில் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டு, ஆறாம் மாதம் அவரே வேலை மாறிப் போய்விட்டால், மீதி இருவர் யார், எந்த அடிப்படையில் இருக்கிறார்கள் என்பதற்கு உங்களிடம் பதில் இருக்காது. உள்வாடகைக்கு விடலாமா என்பதையும், செல்லப்பிராணி வளர்க்கலாமா என்பதையும், சுவரில் ஆணி அடிப்பதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

பதிவு செய்ய வேண்டிய ஒப்பந்தம் என்றால் பதிவு செய்யுங்கள். அந்தச் செலவை மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை.

முன்பணம் எவ்வளவு வாங்கலாம்?

முதலில் சட்டம் எவ்வளவு வாங்க விடுகிறது என்று பாருங்கள். ஜெர்மனியில் உச்சவரம்பு 3 மாத வாடகை. அதையும் வாடகைதாரர் மூன்று தவணையாகக் கட்டலாம். இங்கிலாந்தில் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி பெரும்பாலான வீடுகளுக்கு 5 வார வாடகைதான். வாங்கிய முன்பணத்தை அரசு ஒப்புதல் பெற்ற பாதுகாப்புத் திட்டத்தில் 30 நாளுக்குள் சேர்த்துவிட வேண்டும். கலிபோர்னியாவில் 2024 ஜூலை முதல் பெரும்பாலான உரிமையாளர்கள் 1 மாத வாடகைக்கு மேல் வாங்க முடியாது. இந்தியாவின் 2021ஆம் ஆண்டு மாதிரி வாடகைச் சட்டம் வீட்டுக்கு 2 மாதம், வணிக இடத்துக்கு 6 மாதம் என்கிறது. மாநிலம் தன் சட்டமாக ஏற்றால்தான் அது செல்லும்.

பல இடங்களில் போக்கு ஒன்றுதான்: முன்பணத்தின் அளவு குறைந்துகொண்டே வருகிறது. பெரிய முன்பணத்தை நம்பி வாடகைதாரரைச் சரியாக விசாரிக்காமல் விட்ட காலம் போய்விட்டது.

வாங்கிய பணம் உங்களுடையது இல்லை. திருப்பித் தர வேண்டிய கடன் அது. அதை எடுத்துக் குளியலறைக்கு ஓடு பதித்துவிட்டு, அவர் காலி செய்யும்போது அடுத்தவரிடம் வாங்கித் தருகிறேன் என்று இழுத்தடிப்பது பல உரிமையாளர்களின் பெயரைக் கெடுத்திருக்கிறது.

சாவி கொடுக்கும் நாளில் என்ன செய்வது?

இந்த ஒரு மணி நேரத்தை ஒழுங்காகச் செலவிட்டால் காலி செய்யும் நாளின் சண்டையில் பாதி இல்லாமல் போகும். வாடகைதாரரும் கூட இருக்க, வாசல் கதவிலிருந்து ஒரே வீடியோவாக எடுங்கள். ஒவ்வொரு அறையிலும் நான்கு சுவர், கூரை, தரை, சன்னல். கழுவுதொட்டியின் அடியில் உள்ள அலமாரியைத் திறந்து குழாய் இணைப்பை அருகில் காட்டுங்கள். ஒவ்வொரு குழாயையும் திறந்து மூடுங்கள், ஒவ்வொரு சுவிட்சையும் போட்டு அணையுங்கள், கழிவறையில் ஒருமுறை தண்ணீர் விடுங்கள். ஏற்கெனவே இருக்கும் கீறல், விரிசல், கறை ஆகியவற்றை நீங்களே முந்திக்கொண்டு காட்டிச் சொல்லுங்கள். "சமையலறை மேடையின் இடது ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல், இது முன்பே இருந்தது" என்று உங்கள் குரலே பதிவாகட்டும். உங்களுக்கு எதிரான குறையை நீங்களே சொல்வதைக் கேட்டபிறகு, அந்தப் பதிவை அவரும் நம்புவார்.

கடைசியாக மின்சார மீட்டரும் தண்ணீர் மீட்டரும். எண் தெளிவாகத் தெரிய வேண்டும். சாவிகள் எத்தனை என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, வீடியோவை அன்றே அவருக்கும் அனுப்பிவிடுங்கள். புகை எச்சரிக்கைக் கருவி இருந்தால் பொத்தானை அழுத்திச் சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டு, பின்பக்கம் தயாரித்த தேதியைப் பாருங்கள். பத்து ஆண்டு தாண்டியிருந்தால் சத்தம் வந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

வாடகை தாமதமாக வருகிறது. எந்த நாளில் பேச வேண்டும்?

தேதி தாண்டிய மறுநாளே. பெரும்பாலானவர்கள் கூச்சப்பட்டுப் பத்து நாள் பொறுத்துப் பார்க்கிறார்கள். பதினோராம் நாள் கோபத்தோடு பேசுகிறார்கள். மறுநாளே அனுப்பும் செய்தியில் கோபத்துக்கு இடமே இல்லை: "இந்த மாத வாடகை இன்னும் கணக்கில் வரவில்லை. அனுப்பியிருந்தால் தேதியைச் சொல்லுங்கள், பார்த்துக்கொள்கிறேன்." அவ்வளவுதான். ஒழுங்கானவராக இருந்தால் மறந்துவிட்டேன் என்று அன்றே அனுப்பிவிடுவார். சாக்குச் சொல்கிறவராக இருந்தால், நீங்கள் தேதி பார்க்கிறவர் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

உண்மையான கஷ்டம் வரும் வீடுகளும் உண்டு. வேலை போயிருக்கும், மருத்துவச் செலவு வந்திருக்கும். மூன்று ஆண்டு ஒழுங்காகக் கட்டியவர் ஒரு மாதம் தடுமாறினால், அவரை இழப்பதைவிடத் தவணை போட்டுக் கொடுப்பதுதான் உங்களுக்கு மலிவு. ஆனால் பேசியதை எழுத்தில் வையுங்கள்: பாக்கி எவ்வளவு, எந்தத் தேதியில் எவ்வளவு கட்டுவார், நடப்பு மாத வாடகை தனியாக வரும். முன்பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கழித்துக்கொண்டே போனால் அவர் காலி செய்யும் நாளில் சேதத்துக்குப் பிடிக்க உங்கள் கையில் எதுவும் இருக்காது.

இரண்டாம் மாதமும் வரவில்லையென்றால் முறைப்படி எழுத்தில் அறிவிப்பு கொடுங்கள். அன்பாகப் பேசுவது ஒரு பக்கம் நடக்கட்டும், அறிவிப்பு ஒரு பக்கம் போகட்டும். சட்டம் நாட்களை எண்ணத் தொடங்குவது அறிவிப்புக் கொடுத்த தேதியிலிருந்துதான்.

எதற்கெடுத்தாலும் பழுது என்று கூப்பிடுகிறார். என்ன செய்ய?

கூப்பிடுகிறார் என்று மகிழுங்கள். கூப்பிடாதவர் வீட்டில்தான் ஆபத்து இருக்கிறது. விநாடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 11,000 லிட்டர் தண்ணீர் வீணாகிறது. வீணாவதோடு நிற்காமல் அது தளத்துக்குள் இறங்கினால் கீழ்வீட்டுக் கூரையில் கறை விழும். அந்தச் செலவும் உங்களுடையதாகிவிடும்.

அழைப்புகளை மூன்றாகப் பிரியுங்கள். உடைந்த குழாய், மின்கசிவு, எரிவாயு வாசனை, பூட்ட முடியாத வாசல் கதவு: அந்த மணி நேரத்திலேயே. தண்ணீர் வராதது, கழிவறை அடைப்பு, குளிர்சாதனப் பெட்டி உங்களுடையதாக இருந்து அது நின்றுபோனது: மறுநாளுக்குள். அலமாரிக் கதவு சாய்ந்தது போன்றவை: வாரக் கடைசியில். முடியும், முடியாது எதுவானாலும் அன்றே பதில் சொல்லுங்கள். வாடகைதாரர்களைக் கோபப்படுத்துவது பழுதைவிட உங்கள் மௌனம்தான். நம்பகமான ஒரு பிளம்பரும் ஒரு எலெக்ட்ரீஷியனும் கைவசம் இருக்க வேண்டும். பழுது வந்தபிறகு தேடக்கூடாது.

தண்ணீர்க் கட்டணம் காரணமில்லாமல் ஏறினால் வாடகைதாரரிடமே ஒரு சோதனை செய்யச் சொல்லலாம். கழிவறைத் தொட்டியின் மூடியைத் திறந்து நாலைந்து துளி சாயம் விட்டு, கால் மணி நேரம் தண்ணீர் விடாமல் இருக்க வேண்டும். கீழே பீங்கானில் நிறம் தெரிந்தால் தொட்டியின் அடி வால்வு கசிகிறது. மாற்றுவது சிறிய வேலை.

சுவரில் ஈரமும் பூசணமும். வீடு ஒழுகுகிறது என்கிறார் அவர். சன்னலைத் திறப்பதே இல்லை என்கிறேன் நான். யார் சொல்வது சரி?

வாடகை வீட்டுத் தகராறுகளிலேயே இழுபறியானது இதுதான். இரண்டு பேரும் சரியாக இருக்க வாய்ப்புண்டு. சமைக்கும் ஆவி, குளிக்கும் ஆவி, உள்ளே காயப்போட்ட துணி ஆகியவற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிந்து கறுப்புப் புள்ளிகளாகப் பூசணம் பிடிக்கும். அது பெரும்பாலும் மூலைகளிலும் பீரோவின் பின்புறமும் வரும். மழைக்குப் பின் மட்டும் விரியும் கறை என்றால் வெளிச்சுவரிலோ கூரையிலோ தண்ணீர் நுழைகிறது. தரையையொட்டி, மேல்நோக்கி ஏறி, சுண்ணாம்பு உப்புப் பூத்து உதிர்ந்தால் அது ஓதம், அதாவது நிலத்திலிருந்து சுவரில் ஏறும் ஈரம்.

சந்தேகம் இருந்தால் கறை உள்ள இடத்தைத் துடைத்து உலர்த்தி, அங்கே ஒரு துண்டு அலுமினியத் தாளை நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி நாடாவால் ஒட்டுங்கள். ஒன்றிரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம், அதாவது அறையைப் பார்த்த பக்கம், நனைந்திருந்தால் ஈரம் அறைக் காற்றிலிருந்து வருகிறது. உரித்துப் பார்க்கும்போது சுவரை ஒட்டிய பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. இதை இருவரும் சேர்ந்து பாருங்கள்.

அறைக் காற்றில்தான் ஈரம் என்றாலும் பழியை முழுக்க அவர் மேல் போட்டுவிட முடியாது. குளியலறையில் காற்று வெளியேற்றும் விசிறி இல்லாவிட்டால் அந்த ஆவி எங்கே போகும்? காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூசணம் பிடிப்பது அரிது. விசிறி மாட்டுவது உங்கள் வேலை, அதைப் போடுவது அவர் வேலை. பூசணத்தின் மேல் அப்படியே வண்ணம் அடிப்பது யாருக்கும் உதவாது; சில மாதத்தில் மறுபடியும் தெரியும்.

என் வீட்டுக்குள் நான் எப்போது வேண்டுமானாலும் போகலாம்தானே?

போகக்கூடாது. வாடகைக்கு விட்ட நாளிலிருந்து அது அவர் குடியிருக்கும் இடம். இங்கிலாந்து, கலிபோர்னியா, இந்தியாவின் மாதிரிச் சட்டம் எல்லாமே 24 மணி நேரத்துக்கு முன் அறிவிக்கச் சொல்கின்றன. தீ, வெள்ளம் போன்ற அவசரம் மட்டும் விலக்கு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாள் குறித்துச் சென்று, குழாய், கூரை, சன்னல் மட்டும் பார்த்துவிட்டு வந்தால் போதும். அவர் வீட்டை எப்படி அடுக்கி வைத்திருக்கிறார் என்பது பற்றிய கருத்தை உங்களோடேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகையை எப்போது, எவ்வளவு உயர்த்தலாம்?

சட்ட வரம்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஜெர்மனியில் நடப்பு ஒப்பந்தத்தில் வாடகையை ஊர்ச் சராசரி வரை மட்டுமே உயர்த்தலாம். அதுவும் 3 ஆண்டில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, வீட்டுத் தட்டுப்பாடு உள்ள நகரங்களில் 15. கலிபோர்னியாவின் 2019ஆம் ஆண்டுச் சட்டம் அதன் கீழ் வரும் வீடுகளுக்கு 5 சதவீதத்தோடு விலைவாசி உயர்வையும் சேர்த்து, எப்படியும் ஆண்டுக்கு 10க்கு மிகாமல் என்கிறது.

பிறகு உங்கள் கணக்கு. 5 சதவீதம் ஏற்றினால் ஆண்டுக்கு 0.6 மாத வாடகை கூடும். அது பிடிக்காமல் அவர் காலி செய்துவிட்டால்? இரண்டு மாதம் காலி, வண்ணம் அடிக்கவும் தரகுக்கும் அரை மாதம் என்று வைத்தாலே நஷ்டம் 2.5 மாத வாடகை. அந்த உயர்வு இதை ஈடுகட்ட நான்கு ஆண்டுக்கு மேல் ஆகும். இதற்காக உயர்த்தவே கூடாது என்பதில்லை. ஐந்து ஆண்டு தொடாமல் விட்டு ஒரேயடியாக 30 சதவீதம் கேட்பதுதான் நல்லவர்களையும் விரட்டும். ஆண்டுதோறும் சிறு அளவு, ஒப்பந்தத்தில் எழுதிய தேதியில், இரண்டு மாதம் முன்னதாகச் சொல்லி ஏற்றுங்கள். நல்லவர் என்றால் சந்தை விலைக்குக் கொஞ்சம் கீழேயே வைத்திருங்கள். அவருக்கும் அது தெரிந்திருக்கும், வெளியே தேட மாட்டார்.

அண்டை வீட்டார் என் வாடகைதாரரைப் பற்றிப் புகார் செய்கிறார்கள்.

இரு தரப்பையும் கேளுங்கள், ஒப்பந்தத்தில் இருக்கும் விதியை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள். தீர்ப்புச் சொல்லப் போகாதீர்கள்.

நிர்வாகியிடம் ஒப்படைத்துவிடலாமா?

நீங்கள் வேறு ஊரில் இருந்தால், அல்லது வீடுகள் மூன்று நான்கைத் தாண்டினால், யோசிக்க வேண்டியதுதான். பல நாடுகளில் கட்டணம் மாத வாடகையில் 8 முதல் 12 சதவீதம் வரை. அந்தச் சதவீதம் வசூலான வாடகைக்கா, வர வேண்டிய வாடகைக்கா என்று கேளுங்கள். முதலாவதுதான் உங்களுக்கு நல்லது. வீடு காலியாகக் கிடந்தால் அவருக்கும் வலிக்கும். புது வாடகைதாரரைப் பிடிக்கத் தனிக் கட்டணம் உண்டா, பழுதுபார்ப்பவர் பில்லின் மேல் தன் பங்கு வைப்பாரா, உங்களைக் கேட்காமல் எந்தத் தொகை வரை செலவு செய்யலாம் என்பவற்றை எழுதி வாங்குங்கள். ஆள் மாறும்போதெல்லாம் அவருக்குக் கட்டணம் என்றால், ஆள் மாறாமல் இருப்பதில் அவருக்கு என்ன அக்கறை?

காலி செய்ய மறுக்கிறார். பூட்டை மாற்றிவிடலாமா?

கூடாது. தண்ணீரை நிறுத்துவது, மின்சாரத்தைத் துண்டிப்பது, சாமானை வெளியே வைப்பது எதுவும் கூடாது. இங்கிலாந்தில் 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி இது குற்றம்; இந்தியாவின் மாதிரிச் சட்டமும் அடிப்படை வசதிகளை நிறுத்துவதைத் தடுக்கிறது. வாடகை பாக்கி வைத்தவர் குற்றவாளியாக இருந்த வழக்கில் நீங்கள் குற்றவாளி ஆகிவிடுவீர்கள். இங்கிலாந்தில் காரணம் சொல்லாமல் வெளியேற்றும் வழியையும் 2025ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்துவிட்டது. ஆகவே பாக்கி எந்தெந்த மாதம், எந்தெந்தத் தேதியில் நினைவூட்டினீர்கள் என்ற காகிதங்கள்தான் உங்கள் பலம்.

நீதிமன்றம் போகும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வழக்கு எட்டு மாதம் இழுத்தால் எட்டு மாத வாடகையும் வழக்கறிஞர் கட்டணமும் போகும். இந்தத் தேதிக்குள் சாவியைக் கொடுத்தால் பாக்கியில் பாதியைத் தள்ளி, வண்டிக் கூலியும் தருகிறேன் என்று எழுத்தில் பேசி முடிப்பவர்கள் உண்டு. தப்புச் செய்தவருக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும் என்று மனம் கொதிக்கும். கொதிக்கட்டும். பணத்தைச் சாவி கைக்கு வந்தபிறகு மட்டும் கொடுங்கள்.

காலி செய்யும்போது முன்பணத்தில் எதற்கெல்லாம் பிடிக்கலாம்?

பயன்பாட்டால் வரும் தேய்மானத்துக்குப் பிடிக்க முடியாது. சேதத்துக்குப் பிடிக்கலாம். வெயிலில் மங்கிய வண்ணம், நடமாடித் தேய்ந்த தரை, தளர்ந்த கைப்பிடி தேய்மானம். உடைந்த கண்ணாடி, எரிந்த மேடை, கதவில் ஓட்டை சேதம்.

சேதத்திலும் முழுத் தொகை பிடிப்பது நியாயமில்லை. சுவர் வண்ணம் ஐந்து ஆண்டு தாங்கும் என்று கொள்வோம். நான்கு ஆண்டு இருந்தவர் ஒரு சுவரைப் பாழாக்கியிருந்தால், மிச்சமிருந்த ஓர் ஆண்டின் மதிப்பைத்தான் அவரிடம் கேட்கலாம், அதாவது ஐந்தில் ஒரு பங்கு. எப்படியும் அடுத்த ஆண்டு நீங்கள் அடிக்க வேண்டிய வண்ணம்தான் அது. பிடித்த ஒவ்வொரு தொகைக்கும் படமும் ரசீதும் சேர்த்து ஒரு பட்டியல் கொடுங்கள். கலிபோர்னியாவில் 21 நாளுக்குள் இதைச் செய்தாக வேண்டும். அப்படிச் சட்டம் இல்லாத இடத்திலும் அதே கெடுவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

வரிக்கு என்ன வைத்திருக்க வேண்டும்?

வீட்டுக்கென்று தனி வங்கிக் கணக்கு, எல்லா ரசீதுகள், ஒவ்வொன்றிலும் என்ன வேலை என்ற ஒரு வரிக் குறிப்பு. பழுதுபார்த்ததும் மேம்படுத்தியதும் பல நாடுகளில் வரிக்கு வேறு வேறு. அமெரிக்காவில் வாடகைக் குடியிருப்புக் கட்டடத்தின் விலையை 27.5 ஆண்டுக்குப் பரப்பித் தேய்மானமாகக் கழிக்கிறார்கள். நிலத்துக்கு அது கிடையாது. உங்கள் நாட்டு விதிக்குக் கணக்காளரைக் கேளுங்கள்.

வீட்டை விற்கப் போகிறேன். வாடகைதாரர் இருக்கிறார். என்ன செய்வது?

விளம்பரம் போடும் முன் அவரிடம் சொல்லுங்கள். வாங்க வருபவர் கதவைத் தட்டித்தான் அவருக்குச் செய்தி தெரிய வேண்டும் என்றால், வீட்டைக் காட்ட அவர் ஒத்துழைக்க மாட்டார். ஜெர்மனி உட்படப் பல நாடுகளில் விற்பனையால் வாடகை ஒப்பந்தம் முறிவதில்லை; புது உரிமையாளர் அதே விதிகளோடு உங்கள் இடத்துக்கு வருகிறார். குடியிருக்க வீடு தேடுபவருக்கு அது இடைஞ்சல். முதலீடாக வாங்குபவருக்கோ, ஒழுங்காக வாடகை கட்டும் ஆள் ஏற்கெனவே உள்ளே இருப்பது கூடுதல் மதிப்பு. கடந்த இரண்டு ஆண்டு வாடகை வரவைக் காட்டினால் பேரத்தில் உங்கள் கை ஓங்கும். வாடகைதாரருக்கே வாங்கும் எண்ணம் உண்டா என்றும் கேட்டுப் பாருங்கள், தரகு மிச்சமாகும்.

விற்பனைப் பத்திரத்தில் முன்பணம் எவ்வளவு, அது புது உரிமையாளருக்கு மாறுகிறது என்று எழுதுங்கள். பதிவு முடிந்த அன்றே நீங்களும் அவரும் சேர்ந்து கையெழுத்திட்ட ஒரு கடிதம் வாடகைதாரருக்குப் போக வேண்டும்: எந்த மாதத்திலிருந்து வாடகை யாருக்கு, எந்தக் கணக்கில், முன்பணம் யாரிடம், பழுதுக்கு யாரைக் கூப்பிடுவது. சாவிகளோடு, குடிவந்த நாளில் எடுத்த அந்த வீடியோவையும் புது உரிமையாளரிடம் கொடுத்துவிடுங்கள். அவருக்கு அது தேவைப்படும்.